இடையில் ஆள் கிடையாது

அன்றைக்கு எங்கள் கடையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் மருமகள் ஆவுடைச்செல்வி, பஜார் முக்கில் மருந்துக்கடை வைத்திருக்கிற மீரான், கம்பெனிப் பிரதிநிதி ஜெபஸ்டின், தென்காசி மொத்த வியாபாரி திரவியம், அப்புறம் மாத்திரை வாங்க வந்த ஒருவர். வாசற்படியில் படுத்திருந்த நாயை நான் சேர்க்கவில்லை. ஆறாவது ஆளின் பெயரையும் சொல்ல மாட்டேன். மருந்துக்கடைக்காரன் நோயாளியின் பெயரை வெளியே சொல்லக் கூடாது. எங்கள் ஊர் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் ஏலம் கூறுகிறவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த மண்டியில் ஏலம் கூறுகிறவர் ஒருவர்தான் இருக்கிறார் என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மடியில் என்ன பை, கீழே வைக்கக் கூடாதா என்று கேட்டீர்கள் பாருங்கள், அதனால்தான் சொல்கிறேன் தம்பி. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. எங்கள் தெருவில் யாரையும் கேளுங்கள், கோமதிநாயகம் வாயைத் திறக்க மாட்டார் என்றுதான் சொல்வார்கள். நீங்களும் இந்த பஸ்ஸில் தென்காசி வரைக்கும்தானே? அப்படியானால் முடித்துவிடலாம். கடையநல்லூரில் மட்டும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்துவேன். ஜன்னலோரத்து இடத்தை உங்களிடம் கேட்டு வாங்கியது எதற்கு என்று அப்போது தெரியும்.

ஜெபஸ்டின் அன்றைக்குக் கழுத்தில் டை கட்டி வந்திருந்தான். மிக்சர் ஒரு பொட்டலம், ஜாங்கிரி ஒரு டப்பா. மேசை மேல் வைத்துவிட்டு, "இனிமே இடையில ஆள் கிடையாது சார். எங்க கம்பெனி மருந்து எல்லாம் நேரா உங்க கடைக்கே வந்துரும். போன்ல ஆர்டர் போட்டாப் போதும்" என்றான்.

இடையில் ஆள் கிடையாது. இந்த நாலு வார்த்தையைக் கேட்க... இல்லை, மூன்றுதான். இந்த மூன்று வார்த்தையைக் கேட்க நான் இருபத்தேழு வருஷம் காத்திருந்தேன். கடை திறந்த நாளிலிருந்து திரவியம்தான் எனக்குச் சரக்குப் போடுகிறார். ஒன்பது கேட்டால் ஆறு கொடுப்பார். அதுதான் அவருடைய வழக்கம். அந்த ஏலக்காரருக்கு ஒரு மாத்திரை உண்டு, வலிப்புக்கு. நீல நிறத் தாள் ஒட்டின அட்டை, அட்டைக்குப் பத்து. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஆக மாதத்துக்கு ஆறு அட்டை. கைவசம் கொஞ்சம் இருக்கட்டும் என்று நான் ஒன்பது கேட்பேன். திரவியம் ஆறை எண்ணி, ரப்பர் பேண்டு போட்டு, என் கையில் வைப்பார்.

"ஒம்பது கேட்டேன்வே."

"மூணு உம்ம அலமாரியில தூங்குறதுக்கா? ஆறு போதும் அண்ணாச்சி."

"ஒரு முழுப் பெட்டியாத் தந்தாத்தான் என்ன?"

"பெட்டியை வச்சு என்ன செய்யப் போறீய? மரப்பாச்சிக்கு வீடு கட்டவா?"

இப்படித்தான் பேசுவார். ஒரு மனுஷன் கேட்டதைக் கொடுக்காமல், பேச்சையும் கொடுத்தால் எப்படி இருக்கும்? எனக்குத் திருப்பிப் பேச வராது. அவர் போன பிறகு வீட்டுச் சுவரைப் பார்த்து நன்றாகப் பேசுவேன்.

ஆனால் ஒரு தடவை பேசினேன். சங்கரன்கோவிலில் மருந்துக்கடைக்காரர்கள் கூட்டம். எல்லோரும் மொத்த வியாபாரிகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குள் என்னவோ ஏறிவிட்டது. எழுந்து நின்று, "நடுவில் திரவியம் எதற்கு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான் பேச்சு. கைதட்டினார்கள். நாலாவது மாதம் ஜெபஸ்டின் ஜாங்கிரியோடு வருகிறான். கம்பெனிக்காரர்கள் பம்பாயில் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டுத்தான் முடிவெடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நாலே மாதம் என்று மட்டும் சொல்கிறேன்.

ஜெபஸ்டின் இதைச் சொன்னபோது திரவியம் பக்கத்தில்தான் இருந்தார். அந்த மாதச் சரக்கை இறக்க வந்தவர். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கூச்சம். மீரான்தான், "என்ன மாமா, உமக்குச் சீட்டைக் கிழிச்சிட்டாங்களே" என்றார்.

திரவியம் ஒரு ஜாங்கிரியை எடுத்துப் பாதியாகப் பிய்த்தார். "நல்லதுதானே. எனக்கும் முதுகு வலிக்கி" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நேத்து வரைக்கும் என்னை வைதீய. இனிமே யாரை வைவீய அண்ணாச்சி? ஆள் வேணுமே" என்றார்.

ஏலக்காரர் மூலையில் நின்றிருந்தார். அவர் தொண்டை இருக்கிறதே, மண்டியில் நின்று விலை கூறினால் மெயின் ரோட்டில் போகிற லாரிக்காரன் திரும்பிப் பார்ப்பான். மாத்திரை வாங்க வரும்போது மட்டும் கோவில் கர்ப்பக்கிரகத்தில் பேசுவது போலப் பேசுவார். ஜெபஸ்டினிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, என் மாத்திரையும் நேரா வந்துருமில்லா?"

"எல்லாமே நேரா வரும் சார்."

திரவியம் ஜாங்கிரி ஒட்டின கையைத் துடைத்தார். பையைத் திறந்து நீல அட்டைகளை எடுத்து எண்ணினார். ஆறு. ஒரு ரப்பர் பேண்டு. இன்னொரு ஆறு. இன்னொரு ஆறு. மூன்று கட்டாக மேசை மேல் வைத்தார். "மூணு மாசத்துக்கு இருக்கு" என்றார். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்காமலே கூடுதலாகக் கொடுக்கிறார். கடையைக் கட்டப் போகிறவன் இருக்கிற சரக்கைத் தள்ளிவிடுகிறான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

முதல் இரண்டு மாதம் ராஜபோகம். மற்ற மருந்தில் கேட்ட பன்னிரண்டும் வந்தது. கேட்ட இருபதும் வந்தது. அட்டைப்பெட்டியில் பட்டை நாடா ஒட்டி, உள்ளே காற்றுப் பை போட்டு, என் பெயரை அச்சடித்து அனுப்பினார்கள். கோமதிநாயகம் என்று அச்சில் பார்த்தது என் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அப்போதுதான். அந்தத் துண்டை மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது மாதம் நடுவில் ஆவுடைச்செல்வி நீல அட்டைக்கு ஆர்டர் போட உட்கார்ந்தாள். அவள் பார்மசி படித்தவள், கடை லைசென்ஸே அவள் பெயரில்தான். ஆறு என்று போட்டாள். போன் சிவப்பு எழுத்தில் ஏதோ காட்டியது. பன்னிரண்டு போட்டாள். அதற்கும் சிவப்பு.

"மாமா, இது அதிகம் ஓடாத சரக்காம். ஒரு கேஸ்தான் எடுக்கணுமாம்."

"ஒரு கேஸ் என்றால் எத்தனை?"

"இருபது பெட்டி. இருநூறு அட்டை. விக்காட்டித் திருப்பியும் எடுக்க மாட்டாங்களாம்."

ஜெபஸ்டினுக்குப் போன் போட்டால், "ஆமா சார், அந்த ஐட்டத்துக்கு அப்படித்தான். நான் என்ன சார் செய்ய, சிஸ்டம் சார்" என்கிறான். கம்பெனியின் இலவச எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் பேசினாள். நல்ல குரல். வணக்கம் சொன்னாள், நானும் வணக்கம் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். மறுபடி வணக்கம் சொன்னாள். பெண்பிள்ளை இவ்வளவு மரியாதையாகப் பேசும்போது கோபமாக எப்படிக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், ஆவுடைச்செல்வி, "மாமா, அது மிஷின்" என்றாள். வைத்துவிட்டேன்.

மீரானிடம் போனேன். பெரிய கடை, அவர் ஒரு கேஸ் எடுத்தால் நான் மாதம் ஆறு வாங்கிக்கொள்வேன் என்று கேட்டேன்.

"மாசம் ஆறு போற சரக்கை இருநூறு வாங்கவா? அண்ணாச்சி, நான் என்ன எலுமிச்சங்காயா விக்கேன், மிஞ்சினா ஊறுகாய் போட?"

நியாயம்தான். வேறு கம்பெனி மாத்திரை அதே மருந்தில் இருக்கிறது. ஆனால் ஏலக்காரருக்கு முன்பு இரண்டு கம்பெனி மாற்றிப் பார்த்து, இதில்தான் வலிப்பு நின்றது. இதை மாற்றவே கூடாது என்று திருநெல்வேலி டாக்டர் சீட்டிலேயே அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறார்.

ஏலக்காரர் வந்தார். சட்டைப் பையில் இருந்து கடைசி அட்டையை எடுத்துக் காட்டினார். பத்து மாத்திரை. ஐந்து நாளைக்கு.

"அண்ணாச்சி, வந்துருமில்லா?"

நான் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க வேண்டிய அலமாரி இல்லை அது.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னால விழுந்தப்பம் நான் மூட்டை தூக்குற ஆளு. கூடைக்குள்ள விழுந்தேன், காய் நசுங்குச்சுன்னு வைதாங்க, அதோட போச்சு. இப்பம் மேசை மேல நிக்கேன் அண்ணாச்சி. சுத்தி நூறு வியாபாரி நிக்கான். அங்கன விழுந்தா மறுநாள் வேற ஆளை ஏத்திருவாங்க. வீட்டுல ரெண்டு பொம்பளைப் பிள்ளை."

"வந்துரும்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆவுடைச்செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தென்காசி போனேன். கெஞ்சப் போனேன் என்று நினைக்காதீர்கள். திட்டத்தான் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன். இருபத்தேழு வருஷப் பழக்கம், இப்படி நடுவில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாமா? கம்பெனி போ என்றால் போய்விடுவதா? ஒரு பேச்சு, ஒரு சண்டை வேண்டாமா? இதுதான் என் வாதம். நீங்களே சொல்லுங்கள், சரிதானே? ஏன் சிரிக்கிறீர்கள்?

திரவியத்தின் இடத்தில் கீழே கிடங்கு, மாடியில் வீடு. கிடங்கில் பாதி ரேக்கு காலி. அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க அண்ணாச்சி. வைய ஆள் கிடைக்காம இவ்வளவு தூரமா?" என்றார்.

சேர்த்து வைத்த வார்த்தை எல்லாம் போய்விட்டது. விஷயத்தைச் சொன்னேன். ஐந்து நாள் என்றேன். இல்லை, இன்றோடு நாலு என்றேன்.

"கேஸைப் போடுங்க. போட்டா எத்தனை நாள்ல வரும்?"

"பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆகலாமாம்."

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மாடிக்குப் போனார். மேலே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு பெண்குரல், அவர் குரல், மறுபடி பெண்குரல். இறங்கி வந்தார். கையில் மூன்று நீல அட்டை. அதில் ஒன்று வெட்டின அட்டை, கூட ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தில் நாலைந்து மாத்திரை, பாதியாக உடைத்தது.

"இது என்ன, பாதிப் பாதியா இருக்கு?"

"ரெண்டு பாதியைச் சேர்த்தா ஒண்ணு அண்ணாச்சி. கணக்குல நீங்க என்னை விடப் பெரிய ஆள்" என்றார்.

கிடங்குச் சரக்கைக் கொண்டுபோய் வீட்டு பீரோவில் ஒளித்து வைத்திருக்கிறார் பாருங்கள். மொத்த வியாபாரி புத்தி எங்கே போகும்? ஆனாலும் நான் வாங்கிக்கொண்டேன். மூன்றையும் திருப்பித் தருவேன் என்று சொல்லித்தான் வாங்கினேன்.

"சரி, கேஸ் போட்டால் மிச்சத்தை என்ன செய்ய? பதினாலு மாதத்தில் காலாவதி ஆகிவிடுமாமே."

திரவியம் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். எழுதி வைத்ததைப் படிப்பது போல, ஆனால் கையில் காகிதம் இல்லை. கடையநல்லூரில் ஒரு பிள்ளை, காலேஜ் படிக்கிறது, தினம் ஒன்று. சிவகிரியில் ஒரு வாத்தியார், தினம் ஒன்று. தென்காசியில் ஒரு அம்மா, ராத்திரிக்குப் பாதி. "இந்த மூணு பேரும் இதே மாத்திரைதான். இதே கம்பெனிதான். அவங்களுக்கும் இப்பம் யாரும் போடல. உங்க ஏலக்காரரோட சேர்த்தா நாலு. ஒரு கேஸ் ஓடிரும்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நான் ஒன்பது கேட்டு ஆறு கிடைத்ததே, அந்த மூன்று எங்கே போனது என்று. கடையநல்லூருக்கும் சிவகிரிக்கும் போயிருக்கிறது! இத்தனை வருஷம் இப்படி மூன்று வாடிக்கையை என்னிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறார். முகத்துக்கு நேரே கேட்டேன்.

"ஆமா அண்ணாச்சி" என்றார். "வெளிய தெரிஞ்சா நீங்க பெரிய ஆளாயிருவீங்கன்னு பயம்."

அவரே ஒத்துக்கொண்டார். நான் சொல்லவில்லை.

கேஸ் வந்தது. கடையில் வைக்க இடமில்லை. என் நாற்காலிக்குக் கீழே பத்துப் பெட்டி, சாமி படத்துக்குப் பின்னால் நாலு, மீதி ஆவுடைச்செல்வி சாப்பாட்டுக் கூடை வைக்கிற இடத்தில். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "மாமா, இதுல லாபம் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாள். கணக்குப் போட்டுக் காட்டினேன். "பஸ் சார்ஜ் எங்க?" என்றாள். பஸ்ஸில் போவது காற்று வாங்குவதற்கு, அதை எப்படி வியாபாரத்தில் சேர்ப்பது? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்று. அவள் கெட்டிக்காரி. நாம் சில்லறைக் கடை, வேறு கடைக்கு விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நோயாளி ஒவ்வொருவருக்கும் டாக்டர் சீட்டு நகல் வாங்கி, அவரவர் பெயரிலேயே பில் போட்டுக் கொடுக்கிறாள். நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன், அவ்வளவுதான். எட்டு மாதமாக நடக்கிறது. மாதம் ஒரு செவ்வாய் சிவகிரி, ஒரு புதன் இந்தப் பக்கம்.

இதைப் போய் ஊரில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? இருங்கள், கடையநல்லூர் வந்துவிட்டது. பையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். அதோ வெள்ளைச் சட்டை போட்டு நிற்கிறாரே, அவர்தான். அந்தப் பிள்ளையின் தாய்மாமா.

"ஹோல்சேல் அண்ணாச்சி! சௌக்கியமா?"

"மெதுவாப் பேசும்வே. இந்தாரும், மூணு இருக்கு. பில் உள்ளே இருக்கு."

"அடுத்த மாசம் பிள்ளை டூர் போகுதாம். ஆறாத் தாங்களேன்?"

"டூருக்கு முந்தின நாள் வருவேன். மூணு உம்ம வீட்டு அலமாரியில தூங்குறதுக்கா? பஸ் எடுத்துட்டான், கையை எடும், கையை எடும்."

பார்த்தீர்களா? ஹோல்சேலாம். நானா ஹோல்சேல்? மொத்த வியாபாரி என்றால் யார்? கம்பெனிக்கும் கடைக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஊர் ஊராகப் பையைத் தூக்கிக்கொண்டு போய், கேட்டதைக் கொடுக்காமல் குறைத்துக் கொடுக்கிறவன். நான் அப்படியா? எனக்கு இருக்கிற சரக்கு இருநூறு. நாலு பேருக்கும் கடைசி வரை வர வேண்டும். ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லாமல் போகும். சிவகிரி வாத்தியார்கூட ஐந்து கேட்டார், மூன்றுதான் கொடுத்தேன். வாத்தியாருக்குக் கோபம். கோபப்பட்டால் படட்டும். சரக்கைப் பிரித்துக் கொடுக்க ஒரு நிதானம் வேண்டும். அந்த நிதானத்தை அந்தக் காலத்தில் யாராவது திரவியத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

தென்காசி அம்மா யார் என்று கேட்கிறீர்களா? பெயர் சொல்ல மாட்டேன். முதல் தடவை கொண்டுபோகும்போது எந்தக் கடையில் கொடுக்க என்று திரவியத்திடம் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, "கடை இல்ல அண்ணாச்சி, வீடு. இந்த மாடிப்படி ஏறுங்க" என்றார். ஏறினால் அவர் சம்சாரம் கதவைத் திறக்கிறார். அன்னபுஷ்பம் என்று... சரி, வாயில் வந்துவிட்டது, விடுங்கள்.

தன் வீட்டுக்கு வேண்டிய மருந்தை என் தலையில் கட்டி, வாசல் வரைக்கும் கொண்டுவர வைத்திருக்கிறார் பாருங்கள்! வியாபாரம் போனாலும் சாமர்த்தியம் போகவில்லை. அந்த அம்மா நல்ல மாதிரி. தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்ததும் கேட்டார்கள்: "அன்னைக்கு அந்த மூணு அட்டையும் அந்த ஏலக்காரருக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துதா அண்ணாச்சி? நான் உடைச்சு வச்சது வேற இருந்துச்சு. பாதியைப் பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லிருவாரோன்னு எனக்கு ஒரே யோசனை."

அந்த அம்மாவுக்கு எப்படி அந்த விஷயம் தெரியும்? கிடங்கில் நடக்கிற வியாபாரத்தை எல்லாம் வீட்டில் போய்ச் சொல்லுகிற ஆள் திரவியம். எனக்கு அது பிடிக்காது. "போய்ச் சேர்ந்தது அம்மா" என்றேன். "உங்களுக்கு அந்த மாதம்..." என்று கேட்கத் தொடங்கினேன். பின்னாலேயே ஏறி வந்த திரவியம் குறுக்கே புகுந்து, "அவளுக்கு என்ன, அவ ராணி மாதிரி இருந்தா. நீங்க தண்ணியைக் குடிங்க" என்றார். ஆனால் அந்த அம்மாவுக்கு நெற்றியில், இங்கே, புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. புதுத் தழும்பு போல இருந்தது. மாடிப்படியில் தடுக்கியிருக்கும். அந்தப் படி ரொம்பச் செங்குத்து, நானே பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன். ஒரு கைப்பிடி போடச் சொல்லி ஒவ்வொரு மாதமும் சொல்கிறேன், திரவியம் கேட்கிற பாடாக இல்லை.

வாங்கின மூன்றையும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்குப் பாக்கி வைக்கிற பழக்கம் இல்லை. அந்த அம்மா மாதக் கணக்குக்கு உள்ளது தனி, இது தனி. மேற்கொண்டு ஒரு அட்டை கொடுக்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. கணக்கு இடிக்கும் என்று விட்டுவிட்டேன்.

சரி, என் குறைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் நான் சொன்னது குறை இல்லை, முன்கதை. குறை என்னவென்றால், என் கணக்கு கெட்டுப்போய்விட்டது. பதினாலு மாதத்துக்கு எண்பத்துநாலு அட்டை ஏலக்காரருக்கு, நாற்பத்திரண்டு கடையநல்லூருக்கு, நாற்பத்திரண்டு சிவகிரிக்கு, இருபத்தொன்று தென்காசிக்கு, திருப்பிக் கொடுத்தது மூன்று. இருநூறில் எட்டே எட்டு அட்டைதான் மிஞ்சும். இருநூறுக்கு எட்டு! பெரிய பெரிய கம்பெனிக்காரனால் முடியாது. ஆவுடைச்செல்வியிடம் போன மாதம்தான் பெருமையாகச் சொல்லிக் காட்டினேன்.

போன திங்கட்கிழமை கடையில் உட்கார்ந்திருக்கிறேன். தெருமுனையிலேயே சத்தம் கேட்கிறது. மண்டியில் கூறுகிற அதே தொண்டை. "அண்ணாச்சி! அண்ணாச்சியோவ்!" எங்கள் கடைக்கு வரும்போது அவர் சத்தமாக வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. எதிர்வீட்டு ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். மீரான் கடையை விட்டுவிட்டு ஓடி வருகிறார். ஏலக்காரர் திருநெல்வேலிக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். தலையில் கம்பி ஒட்டி எடுக்கிற படம் எடுத்தார்களாம். சுத்தமாக இருக்கிறதாம்.

"ஒண்ணு போதும்னுட்டாரு! காலை மாத்திரை வேண்டாம்னுட்டாரு அண்ணாச்சி! இப்படியே ஆறு மாசம் பார்த்துட்டு, ராத்திரி மாத்திரையையும் நிப்பாட்டிரலாம்னு சொல்லிட்டாரு!"

"மெதுவா, மெதுவா. தெருவே கேட்குது" என்றேன்.

"கேக்கட்டும் அண்ணாச்சி!"

ஆவுடைச்செல்வி, "என்ன அண்ணே, ஏலத்துல விலை இறங்குது?" என்றாள். அவர் சிரித்தார். மீரான் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று அவள் பிறகு சொன்னாள், எனக்கு நினைவில்லை. என் மனம் முழுக்கக் கணக்கில் இருந்தது. டாக்டர் சரியாகப் பார்த்தாரா, அவசரப்படவில்லையே என்று இரண்டு தடவை கேட்டேன். சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுதான் போட்டிருந்தது. அடிக்கோடும் போட்டிருந்தது.

அவர் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. எனக்கு அதெல்லாம் பழக்கம் கிடையாது. கடைக்குள் போய் அலமாரியைத் துடைத்தேன்.

"கண்ணைத் துடைங்க மாமா, அலமாரி சுத்தமாத்தான் இருக்கு" என்றாள் இந்தப் பெண். மருந்துப் பொடி கண்ணில் பட்டிருக்கும்.

இனி அந்த மூன்று பேருக்கு மட்டும் அடுத்த கேஸ் போட்டால் கட்டுமா என்று ஜெபஸ்டின் கேட்கிறான். கட்டாது. பாதிக்குப் பாதி தங்கும். போட வேண்டாம் என்றுதான் யாரும் சொல்வார்கள். நான் போடச் சொல்லிவிட்டேன். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. என்ன கணக்கு என்று இப்போதே சொல்வதற்கில்லை. திரவியத்திடம் இன்றைக்குக் கேட்க வேண்டும், செங்கோட்டைப் பக்கம், ஆய்க்குடிப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று. அவருக்குத் தெரியும், ஆனால் லேசில் சொல்ல மாட்டார். முதலில் ஒரு மணி நேரம் என்னைக் கேலி செய்வார், அப்புறம்தான் கண்ணை மூடுவார்.

தென்காசி வந்துவிட்டது. நீங்கள் முன்னால் இறங்குங்கள் தம்பி, எனக்கு முழங்கால் மெதுவாகத்தான் மடங்கும். போகிற போக்கில் நீங்களே நியாயம் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு மனுஷன் ஐந்து வருஷம் தவறாமல் மாத்திரை தின்றுவிட்டு, இப்படி நடுவில் குணமானால் வியாபாரம் செய்கிறவன் என்ன செய்வான்? எட்டு மிஞ்ச வேண்டிய இடத்தில் இப்போது இருபத்தாறு அட்டை மிஞ்சுகிறது.